பாரிஸ் தெருக்களின் அப்பாஷ்கள்: வாசகர் கேள்வி பதில்

முதல் உலகப் போருக்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் பாரிஸைக் கலக்கிய தெருக் கும்பல்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: அப்பாச்சி என்றால் அமெரிக்கப் பழங்குடிகள் ஆயிற்றே, பாரிஸ் ரவுடிகளுக்கு எப்படி அந்தப் பெயர்? (கரூர் வாசகர்)

பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர். அமெரிக்க மேற்குப் பகுதிச் சாகசக் கதைகள் பிரான்ஸில் சக்கைப்போடு போட்ட காலம் அது. அந்தக் கதைகளில் அப்பாச்சி என்றால் பதுங்கிப் பாய்கிறவன், இரக்கமில்லாதவன். 1902 ஜனவரியில் கிழக்குப் பாரிஸில் நடந்த ஒரு வெட்டுக்குத்தை எழுதிய நிருபர்கள் அந்தப் பெயரை உள்ளூர் இளைஞர்கள்மேல் ஒட்ட, அது நாடு முழுக்கப் பரவியது. பிரெஞ்சு உச்சரிப்பில் 'அப்பாஷ்'. பழங்குடி மக்களுக்கு இது பெரிய அவமானம் என்று அன்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கும்பல்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள் சாதாரணமானவை. ஓர்த்தோ தெருக்காரர்கள், பொப்பேன்கூர்காரர்கள் என்று தெருவும் பேட்டையும்தான். பெல்வில், மெனில்மோந்தான், ஷரோன் போன்ற கிழக்குப் பகுதித் தொழிலாளர் குடியிருப்புகளும் பாஸ்டீய் அருகிலுள்ள லாப் தெரு நடனக் கூடங்களும் இவர்கள் புழங்கிய இடங்கள். பெரும்பாலும் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பார்கள். பாரிஸ் முழுவதையும் ஆண்ட ஒரே கும்பல் இருந்ததில்லை. ரகசியச் சபை, சத்தியப் பிரமாணம் எல்லாம் பத்திரிகை சேர்த்த மசாலா.

கேள்வி: அவர்களை எப்படி அடையாளம் கண்டார்கள்? (தஞ்சாவூர் வாசகி)

உடையை வைத்து. முன்பக்கம் இறக்கிய துணித் தொப்பி, கழுத்தில் முடிச்சுப் போட்ட கைக்குட்டை, இடுப்பில் சிவப்புத் துணிப் பட்டை, கீழே விரியும் கால்சட்டை, பளபளக்கும் பூட்ஸ், காதோரம் முன்னால் இழுத்துவிட்ட முடி. காசு இல்லாதவன்கூடப் பூட்ஸ் விஷயத்தில் சமரசம் செய்துகொள்ள மாட்டான். ஆனால் இதே உடையில் ஒழுங்காக வேலைக்குப் போன தொழிலாளிப் பையன்களும் ஏராளம். உடையை மட்டும் நம்பிப் பிடித்த போலீஸ் எத்தனை அப்பாவிகளை இழுத்துப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: 'தங்கக் கவசம்' என்ற பெண்ணுக்காக இரண்டு கும்பல்கள் மோதிக்கொண்ட கதை உண்மையா? (கோவை வாசகர்)

உண்மைதான். பெண்ணின் பெயர் அமெலி எலி. 1878இல் ஓர்லேயானில் பிறந்தவள், தெருவில் உடலை விற்றுப் பிழைத்தவள். பொன்னிறக் கூந்தலைத் தலைமேல் தூக்கிக் கட்டுவாள். அதனால் 'காஸ்க் டோர்', தங்கத் தலைக்கவசம். மாந்தா என்ற பட்டப்பெயர் கொண்டவன் ஓர்த்தோ கும்பலின் தலைவன். அவனை விட்டுப் பொப்பேன்கூர் கும்பலின் லெகாவிடம் அவள் போனதும் சண்டை ஆரம்பித்தது.

1902 ஜனவரி முதல் வாரத்தில் லெகா சுடப்பட்டு தெனோன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். 9ஆம் தேதி அங்கிருந்து குதிரை வண்டியில் புறப்பட்டபோது, வண்டியிலேயே அவனைக் கத்தியால் குத்தினார்கள். பட்டப்பகல், மருத்துவமனை வாசல், ஒரு பெண் விவகாரம். பத்திரிகைக்கு வேறென்ன வேண்டும்? லெகா பிழைத்துக்கொண்டான்.

தண்டனையைக் கவனியுங்கள். மாந்தாவுக்கு ஆயுள் முழுக்கக் கடின உழைப்பு. லெகாவுக்கு எட்டு ஆண்டு. எட்டு ஆண்டு கழித்து லெகா வீடு திரும்பியிருப்பான் என்று நினைத்தால் தவறு. 1854ஆம் ஆண்டுச் சட்டப்படி, எட்டு ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்றால் முடிந்த பிறகு அதே அளவு காலம் தண்டனைக் குடியேற்றத்திலேயே தங்க வேண்டும். எட்டோ அதற்கு மேலோ என்றால் சாகும்வரை அங்கேதான். ஆக நீதிமன்றம் சொன்ன 'எட்டு' என்பதற்கும் 'ஆயுள்' என்பதற்கும் ஊர் திரும்பும் விஷயத்தில் வித்தியாசமே இல்லை. இருவரும் தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவுக்குப் போனார்கள், திரும்பவில்லை.

அமெலி சில மாதம் பிரபலமாக இருந்தாள். அவள் வாழ்க்கைக் கதை பத்திரிகையில் தொடராக வந்தது. அவளை மேடையேற்றி நாடகம் போட முயன்றபோது போலீஸ் தலைவர் லெபின் தடை போட்டார். 1917இல் கல்யாணம் செய்துகொண்டு அமைதியாக வாழ்ந்து, 1933இல் பாரிஸை ஒட்டிய பாஞோலேயில் இறந்தாள்.

கேள்வி: பாரிஸில் 30,000 ரவுடிகள் இருந்ததாகப் படித்தேன். நம்பலாமா? (நெல்லை வாசகர்)

அந்த எண் 'லெ பெத்தி ஜூர்னால்' பத்திரிகையின் 1907 அக்டோபர் 20 வண்ண இணைப்பின் அட்டையில் வந்தது. அப்பாஷ் பாரிஸின் புண் என்று தலைப்பு. 8,000 போலீஸ்காரருக்கு எதிராக 30,000க்கும் மேற்பட்ட ஊர்சுற்றிகள் என்று கணக்கு. வேலையில்லாதவன், வீடில்லாதவன், பெண் தரகன், திருடன், பிச்சைக்காரன் எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டால்தான் அந்த எண் வரும். நகர மக்கள்தொகை அப்போது 27 லட்சத்துக்குச் சற்று மேல்.

8,000 என்ற எண்ணிலும் ஒரு சூது இருக்கிறது. போலீஸ்காரர்கள் முறை வைத்து வேலை பார்ப்பவர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவில் நிற்பதில்லை. எனவே இரவு ரோந்துக்கு உண்மையில் ஆள் குறைவு. பத்திரிகை ஒரு பக்கம் கூட்டியதோடு, மறு பக்கத்தின் உண்மையான பலவீனத்தைச் சொல்லாமலும் விட்டது. ஒரு சூ என்ற சில்லறைக் காசுக்கு விற்ற நாளிதழ்களுக்குள் கடும் போட்டி. 'லெ பெத்தி பரிசியான்' மட்டும் நாளுக்குப் பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. முந்தின நாள் வரை 'அடிதடி' என்று நாலு வரியில் போன செய்தி, 'அப்பாஷ்களின் தாக்குதல்' என்றானதும் முதல் பக்கத்துக்கு வந்தது.

கேள்வி: வருமானம் எங்கிருந்து? நம்ம ஊர் மாமூல் மாதிரி கடைக்காரர்களிடம் வசூலா? (சென்னை, ராயபுரம் வாசகர்)

கடை வசூல் பிரதானமில்லை. முக்கிய வரும்படி பெண்களிடமிருந்து. பாரிஸில் விபச்சாரம் சட்டவிரோதம் அல்ல, ஆனால் போலீஸில் பதிந்து அட்டை வாங்க வேண்டும், குறித்த நாளில் மருத்துவச் சோதனைக்குப் போக வேண்டும். தவறினால் ஒழுக்கப் பிரிவுப் போலீஸ் பிடித்து, நீதிமன்றமே காட்டாமல் சேன்லசார் சிறையில் போட்டுவிடும். அட்டை இல்லாத பெண்ணுக்குத் தினசரி ஆபத்து. தெருமுனையில் நின்று போலீஸ் வருகிறதா என்று பார்ப்பது, பணம் கொடுக்காத வாடிக்கையாளனை மிரட்டுவது, போட்டிக்காரியை விரட்டுவது ஆகிய மூன்றும் அப்பாஷின் 'உழைப்பு'. அதற்கு ஈடாக அவள் சம்பாத்தியம் அவன் பைக்கு. அடி உதை தனி.

அடுத்தது வழிப்பறி. அதில் பேர்பெற்ற முறைக்கு 'பெரியவர் ஃபிரான்சுவாவின் அடி' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். இருவர் சேர்ந்து செய்வது. ஒருவன் பின்னாலிருந்து கழுத்துத் துணியால் இழுத்துப் பிடிப்பான், மற்றவன் பையைக் காலி செய்வான். குடித்துவிட்டுத் தனியாக வீடு திரும்புகிறவர்கள்தான் இலக்கு. இதில் தவறு நேர்வது சுலபம். பிடி கொஞ்சம் நீடித்தால் ஆள் செத்துப்போவான்; கடிகாரத் திருட்டு கொலை வழக்காகி, தலை வெட்டும் இயந்திரமான கில்லட்டின்வரை போகும். எனவே அனுபவசாலிகள் இதைவிட மூன்று சீட்டு ஆட்டத்தையே விரும்பினார்கள். சந்தை வாசல், குதிரைப் பந்தய மைதானம் போகும் ரயில் இரண்டும் அதற்குத் தோதான இடங்கள். ஒருவன் சீட்டைப் புரட்டுவான், இரண்டு மூன்று பேர் ஜெயித்த வாடிக்கையாளராக நடிப்பார்கள், ஒருவன் போலீஸுக்குக் காவல். மாட்டினாலும் தண்டனை குறைவு.

கேள்வி: துப்பாக்கி, கத்தி, கைவளைய முஷ்டி மூன்றும் ஒன்றாக மடங்கும் 'அப்பாஷ் ரிவால்வர்' படம் பார்த்தேன். எல்லோரும் அதை வைத்திருந்தார்களா? (சேலம் வாசகர்)

படம் அழகு, பயன் குறைவு. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் லூயி டோல்ன் என்பவர் அமைத்த ஆயுதம் அது. அப்பாஷ் என்ற பெயர் பரவுவதற்கு முப்பது ஆண்டு முன்பே இருந்தது. ஆறு குண்டு போடலாம். ஆனால் குழலே கிடையாது, குண்டு உருளையின் வாயிலிருந்து நேராக வெளியேறும். எனவே ஓரிரு அடி தள்ளி நின்றாலே குறி தப்பும், வேகமும் போதாது. தோட்டா பக்கவாட்டில் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வகை. சட்டைப்பையில் இருக்கும்போது அந்த ஊசியில் அடிபட்டால் தானே வெடிக்கும் ஆபத்து. விசைக்குக் காப்பு வளையமும் இல்லை. கத்தி மெல்லியது, ஆடும்.

தெருவில் உண்மையாகப் புழங்கியவை சாதாரண மடக்குக் கத்தி, தொழில்கத்தி, மலிவு ரிவால்வர். 1885 ஆகஸ்ட் சட்டம் ஆயுதத் தயாரிப்பையும் விற்பனையையும் தாராளமாக்கிவிட்டது. சைக்கிள் ஓட்டிகள் நாயை விரட்ட வைத்துக்கொண்ட 'வேலோடாக்' என்ற குட்டி ரிவால்வரைக்கூட யாரும் வாங்கலாம். அப்பாஷ் பயத்தில் சாதுவான குமாஸ்தாக்களும் வாங்கினார்கள்.

கேள்வி: கைரேகை, புகைப்படம் எல்லாம் பாரிஸ் போலீஸிடம் இருந்ததே. பின் ஏன் அடக்க முடியவில்லை? (மதுரை வாசகி)

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். பாரிஸ் போலீஸ் அலுவலர் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் 1880களில் கொண்டுவந்த முறையில் கைதியின் உடலைப் பதினோரு இடத்தில் அளப்பார்கள். உயரம், விரித்த கைகளின் நீளம், உட்கார்ந்த உயரம், தலையின் நீளமும் அகலமும், காது, இடது பாதம், இடது நடுவிரல், முழங்கையிலிருந்து விரல் நுனிவரை என்று போகும். ஒவ்வோர் அளவையும் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்றாகப் பிரித்து அட்டைகளை இழுப்பறைகளில் அடுக்குவார்கள். முதலில் தலை நீளத்தில் மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்குள்ளும் தலை அகலத்தில் மூன்று. இப்படியே போனால் லட்சம் அட்டையிலும் தேட வேண்டியது ஒரு சிறு கட்டுதான். பொய்ப் பெயர் சொன்ன பழைய குற்றவாளிகள் 241 பேரை 1884இல் மட்டும் இப்படிக் கண்டுபிடித்தார்கள்.

ஓட்டை எங்கே? எலும்பு வளர்ச்சி நின்ற உடலுக்குத்தான் அளவு மாறாது. பதினாறு வயதில் அளந்த பையன் பத்தொன்பதில் வேறு இழுப்பறைக்குப் போய்விடுவான். அப்பாஷ்களின் வயதோ அதுதான்! தவிர, அளவெடுக்கும் காலிப்பர் கருவியைப் பிடிக்கும் ஆள் மாறினால் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். எல்லைக்கோட்டில் இருக்கும் அளவு தவறான பிரிவில் விழும். கைரேகையை பெர்த்தியோன் அட்டையில் கூடுதலாகத்தான் சேர்த்தார். 1902 அக்டோபரில் உடைந்த கண்ணாடியில் கிடைத்த ரேகையை வைத்து ஷெஃபர் என்ற கொலையாளியை அவரே அடையாளம் காட்டியும், அட்டைகளை ரேகைப்படி அடுக்க மனமில்லை. போலீஸுக்கு அதிகம் உதவியது பச்சைக் குத்து. பெர்த்தியோன் அட்டையில் உடல் அடையாளத்துக்கென்று தனிப் பகுதி உண்டு. மார்பில் காதலி பெயர், கண்ணோரம் புள்ளி என்று குத்திக்கொண்டவர்கள் தங்கள் அட்டையைத் தாங்களே நிரப்பிக் கொடுத்தார்கள்.

அடையாளம் தெரிந்தாலும் சம்பவ இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே. லெபின் 1900இல் ஆற்றுப் போலீஸையும் 1901இல் சைக்கிள் போலீஸையும் அமைத்தார். ஊரின் அமைப்பு அதற்கும் தண்ணி காட்டியது. 1840களில் கட்டிய கோட்டைச் சுவர் பாரிஸைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதற்கு வெளியே 250 மீட்டருக்கு எதுவும் கட்டக் கூடாது என்று ராணுவ விதி. விதியை மீறித் தகரமும் பலகையும் வைத்து ஆயிரக்கணக்கானவர்கள் குடியேறிவிட்டார்கள். அகழியும் மேடும் மறைவும் நிறைந்த, தெருவிளக்கு இல்லாத அந்த வளையத்துக்குள் ஓடிவிட்டால் இரவில் துரத்துவது வீண் வேலை.

கேள்வி: கடுமையான தண்டனை கொடுத்தும் குறையவில்லையே? (விருதுநகர் வாசகர்)

தண்டனையே ஆட்களை உற்பத்தி செய்தது என்பது எங்கள் கருத்து. படிப்படியாகப் பாருங்கள். 1882 சட்டப்படி பள்ளி பதின்மூன்று வயதோடு முடிந்துவிடும். ராணுவம் அழைப்பது இருபது வயதுக்கு மேல். நடுவில் ஏழு ஆண்டு. முன்பு அதை நிரப்பிய தொழில் பழகும் முறை பாரிஸில் சரிந்துகொண்டிருந்தது. பையன் மாட்டினால் சிறுவர் சிறையான பெத்தித் ரொக்கேத்துக்கோ பண்ணைச் சிறைக்கோ போவான். வெளியே வரும்போது அவனுக்குத் தெரிந்தவர்கள் உள்ளே பழகியவர்கள்தான்.

வளர்ந்தவன் சிறை முடிந்து வந்தாலும் 'ஊரில் தங்குவதற்குத் தடை' காத்திருக்கும். ஐந்து, பத்து ஆண்டுகளுக்குக் குறிப்பிட்ட ஊர்களில், குறிப்பாகப் பாரிஸில், கால் வைக்கக் கூடாது. குடும்பமும் வேலையும் பாரிஸில். திருட்டுத்தனமாகத் திரும்பினால் அதுவே குற்றம், மறுபடி சிறை. இப்படிச் சின்னத் தண்டனைகள் சேர்ந்தால் 1885 மே மாதச் சட்டப்படி திருந்தாத குற்றவாளி என்று கயானாவுக்கே அனுப்பலாம். தண்டனை பெற்ற இளைஞர்களை ராணுவச் சேவைக்கு வட ஆப்பிரிக்காவின் தண்டனைப் பட்டாளங்களில் போட்டார்கள். அங்கிருந்து உயிரோடு வந்தவன் பேட்டையில் பட்டம் பெற்றவன் மாதிரி மதிக்கப்பட்டான்.

லியாபேஃப் வழக்கு இதற்கு உதாரணம். ஷூ தைக்கும் தொழிலாளியான அவனைப் பெண் தரகன் என்று ஒழுக்கப் பிரிவுப் போலீஸ் பிடித்தது. அவன் கடைசிவரை மறுத்தான். மூன்று மாதச் சிறை, கூடவே பாரிஸில் தங்கத் தடை. பழி வாங்கத் திரும்பி வந்தவன், தோல் பட்டைகளில் ஆணி அடித்து இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டான். ஆளின் கையை இறுக்கிப் பிடிப்பதுதான் போலீஸின் பழகிய முறை. 1910 ஜனவரி 8 இரவு, ஓப்ரி லெ பூஷே தெருவில் அப்படிப் பிடித்தவர்களின் உள்ளங்கைகள் கிழிந்தன. ஒரு போலீஸ்காரர் இறந்தார், பலர் காயம். அவனைப் புகழ்ந்து எழுதிய பத்திரிகையாசிரியர் குஸ்தாவ் எர்வேவுக்கு நான்கு ஆண்டுச் சிறை. ஜூலை தொடக்கத்தில் அரகோ சாலையில் லியாபேஃபின் தலை வெட்டப்பட்ட இரவில் கூடிய கூட்டத்துக்கும் போலீஸுக்கும் பெரும் மோதல்.

கேள்வி: பொதுமக்கள் தற்காப்புக்கு என்ன செய்தார்கள்? (ஈரோடு வாசகி)

கைத்தடிச் சண்டையும் காலால் உதைக்கும் சவாத்தும் ஏற்கெனவே இருந்தன. 1905 அக்டோபர் 26 அன்று கூர்பவ்வாவில், சவாத் பழகிய ஜார்ஜ் துபுவாவை, ஜுஜுட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை கற்ற ரேனியே 26 வினாடியில் பணியவைத்தார். அதன்பின் ஊரெல்லாம் ஜுஜுட்சு பைத்தியம். போலீஸுக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

கேள்வி: மரண தண்டனையை ஒழிக்க இருந்த பிரான்ஸ், அப்பாஷ்களால் மனம் மாறியது என்பது சரியா? (புதுச்சேரி வாசகர்)

பாதி சரி. 1906இல் குடியரசுத் தலைவரான ஃபாலியேர் எல்லா மரண தண்டனைகளையும் குறைத்துக்கொண்டே வந்தார். ஒழிப்பு மசோதாவும் தயார். 1907இல் சோலேயான் என்பவன் ஒரு சிறுமியைக் கொன்றான். அவனுக்கும் மன்னிப்புக் கிடைத்தபோது ஊர் கொதித்தது. 'லெ பெத்தி பரிசியான்' வாசகர் வாக்கெடுப்பு நடத்தியது. வந்த 14,12,347 வாக்குகளில் 10,83,655 மரண தண்டனை வேண்டும் என்றன. 1908 டிசம்பர் 8இல் நாடாளுமன்றம் 201க்கு எதிராக 330 வாக்குகளால் ஒழிப்பை நிராகரித்தது.

வேடிக்கை என்னவென்றால், சோலேயான் அப்பாஷ் அல்ல, மரச்சாமான் செய்யும் தொழிலாளி. 1909 ஜனவரியில் கில்லட்டின் மீண்டும் இயங்கியபோது தலை போன நால்வரும் பாரிஸ்காரர்கள் அல்ல. பெத்தூன் ஊரில் வெட்டப்பட்ட, வடக்கு எல்லைக் கிராமங்களில் கொள்ளையடித்த போலே கும்பல். விவாதம் முழுக்க முழங்கிய சொல் மட்டும் 'அப்பாஷ்'.

கேள்வி: காரில் வந்து கொள்ளையடித்த பொன்னோ கும்பலும் அப்பாஷ்களா? (திருப்பூர் வாசகர்)

இல்லை. அவர்கள் அரசே வேண்டாம் என்ற அராஜகவாதிகள், கொள்கை பேசியவர்கள். 1911 டிசம்பர் 21இல் ஓர்தனேர் தெருவில் வங்கி ஊழியரைச் சுட்டுவிட்டுக் காரில் தப்பினார்கள். துரத்த வேண்டிய போலீஸிடம் சைக்கிளும் குதிரையும்தான். பொன்னோ 1912 ஏப்ரலில் ஷ்வாசி லெ ருவாவில் முற்றுகையில் செத்தான்.

கேள்வி: 'அப்பாஷ் நடனம்' என்று ஒன்று உண்டாமே? (காரைக்குடி வாசகி)

1908இல் மூலான் ரூழ் கேளிக்கை அரங்கின் மேடையில் மாக்ஸ் டியர்லியும் மிஸ்தாங்கெத்தும் ஆடிப் புகழ்பெற்றது. ஆண் பெண்ணை இழுத்து, சுழற்றி, தரையில் வீசுவான். பணக்காரர்கள் கைதட்டினார்கள். சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போய், கூலிக்கு வந்த நடிகர்கள் 'சண்டை' போடும் மதுக்கடைகளைக் காட்டும் தொழிலும் நடந்தது. அடி வாங்கிய அசல் பெண்களைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கவில்லை.

கேள்வி: கடைசியில் எப்படி ஒழிந்தார்கள்? (நாகர்கோவில் வாசகர்)

1914 ஆகஸ்ட் படைதிரட்டல் அந்த வயதுக்காரர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது. 1919இல் கோட்டைச் சுவரை இடிக்கச் சட்டம் வந்து, அடுத்த பத்தாண்டில் சுவர் போனது. தரகுத் தொழில் பிகால் பகுதிக்கு நகர்ந்து, பேட்டைப் பையன்களிடமிருந்து பெரிய ஆட்களின் கைக்குப் போயிற்று. 1930களின் மார்சே நகரில் கார்போன், ஸ்பிரித்தோ என்ற கும்பல் தலைவர்கள் நடத்தியது வேறு வகை வியாபாரம், அரசியல்வாதிகளோடு கைகோத்தது.

கேள்வி: அடுத்த வருடம் பாரிஸ் போகிறோம். இது சம்பந்தமாகப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? (சிங்கப்பூர் வாசகி)

ரொக்கேத் தெருவில் சிறுவர் சிறையின் நுழைவாயில் பூங்கா வாசலாக நிற்கிறது. சிறை 1974இல் இடிபட்டது. எதிரே குருவா ஃபோபேன் தெரு முனையில், 1899வரை கில்லட்டினை நிறுத்திய ஐந்து கற்பலகைகள் சாலையிலேயே பதிந்திருக்கின்றன. வண்டி வரும், பார்த்து நில்லுங்கள். கோட்டைச் சுவரின் ஒரு துண்டு பெர்சி வாயில் அருகே முதல் எண் கொத்தளமாக மிஞ்சியிருக்கிறது. பெர்த்தியோன் காலத்துப் பொருள்களைப் பார்க்க ஐந்தாம் வட்டாரத்திலுள்ள போலீஸ் அருங்காட்சியகம், மோபேர் முத்துவாலித்தே மெட்ரோ நிலையத்துக்குப் பக்கம். இயங்கும் போலீஸ் நிலையத்தின் மாடியில் இருப்பதால், போகுமுன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள்.